வண்டி ஓடும்போது மட்டும் வேண்டாம்

பஸ் டிப்போவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஆயத்தம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவரானாலும் சரி, டயருக்குக் காற்றடிப்பவரானாலும் சரி, “ஆயத்தமா இருக்கீங்களா?” என்று கேட்டுவிடுவார். எதற்கு என்று திருப்பிக் கேட்டுத் தொலைத்தவர்களின் டீ ஆறிப்போகும். ஆண்டவர் எந்த நிமிஷமும் வருவார், சத்தமில்லாமல் வருவார், தம்முடைய பிள்ளைகளை மட்டும் ஆகாயத்துக்கு எடுத்துக்கொள்வார், அதற்குப் பிறகுதான் பூமியில் உபத்திரவ காலம் என்று பொறுமையாக விளக்குவார். மற்றபடி நல்ல மனிதர். நல்ல டிரைவர். பிரேக் போட்டால் தூங்குகிற பிள்ளை விழிக்காது.

அவர் மனைவி பிறந்து வளர்ந்த சபை வேறு. அங்கே உபத்திரவம் முதலில், வருகை பிற்பாடு. விசுவாசிகளும் பாடுபட்டுத்தான் ஆண்டவரைப் பார்க்க வேண்டும், குறுக்கு வழி கிடையாது. கல்யாணமாகி இவர் சபைக்கு வந்தாள், இவர் பாட்டுகளைப் பாடினாள், எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இந்த ஒன்றுக்கு மட்டும் மசியவில்லை. கடைசிக்கால நிகழ்ச்சிகளை வரிசையாகக் கோடு போட்டுக் காட்டும் பெரிய படத்தைச் சாப்பாட்டு மேஜைக்கு மேலே மாட்டி, விரல் வைத்து விளக்குவார் அவர். அவள் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, “சரிங்க. ஆனா முதல்ல கஷ்டம்தான் வரும்” என்பாள். பெண்களுக்கு அவரவர் வீட்டுச் சபைமேல் ஒரு பிடிவாதம் என்று விட்டுவிட்டார்.

அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள். பள்ளிக்கூடம் போகும் வயது வருவதற்குள் காய்ச்சலில் போய்விட்டாள். அந்த வேளை வரும்போது மரித்த விசுவாசிகள் முதலில் எழுந்திருப்பார்கள், உயிரோடு இருப்பவர்கள் அவர்களோடு மேலே சேர்ந்துகொள்வார்கள் என்பது அவர் நம்பிக்கை. ஆகவே வருகை என்றால் அவருக்கு எக்காளமும் மேகமும் அல்ல, அந்தப் பிள்ளைதான். நெற்றியில் ஒட்டிக்கொண்ட முடியோடு அவள் மேலே எங்கேயோ நிற்பாள், இவர் போய்ச் சேர வேண்டும். அந்த நேரத்தில் கீழே விடப்பட்டால் அவளை விட்ட மாதிரி. இவ்வளவுதான் அவருடைய மதம் என்று சொன்னால்கூடத் தப்பில்லை.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, டிப்போவில் இன்னொரு டிரைவருக்கு ஓடுகிற வண்டியில் மாரடைப்பு வரும்வரை. இறக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்த பஸ் நேராகப் போய் ஒரு ஜவுளிக்கடைக்குள் புகுந்தது. பயணிகளை ஏற்றிவர மாற்று பஸ்ஸோடு இவரைத்தான் அனுப்பினார்கள். செத்துப்போன டிரைவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தார். பின்னால்தான் பார்க்க முடியவில்லை. ஒற்றைச் செருப்புகளும், நொறுங்கிய கண்ணாடியும், யார் பெயரையோ விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவும். திரும்பி வரும்போது அவருடைய கண்டக்டர், வாய் சும்மா இருக்காத ஆள், பயத்தை மறைக்க ஒரு ஜோக் அடித்தான்.

“அண்ணே, நீங்க மேல போறதா இருந்தா ஹேண்ட் பிரேக்கை இழுத்து வெச்சிட்டுப் போங்க. நாங்க இங்கதானே இருப்போம்?”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அன்றோடு அவர் நிம்மதி போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சபை கூடும் மாடி ஹாலில், போதகர் வழக்கம்போல அந்த நாளை வர்ணித்தார். பைலட் விசுவாசியாக இருந்தால் விமானம் என்ன ஆகும், சாலையில் கார்கள் என்ன ஆகும் என்று கையை வீசிக் கேட்டார். ஜனங்கள் அல்லேலூயா என்றார்கள். விமானம் விழுவதற்கு எதற்கடா அல்லேலூயா என்று அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை, அவருக்கும்தான். அன்றைக்குத் தோன்றியது. கண்ணை மூடினால் தன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற தலைகள் வரிசையாகத் தெரிந்தன. பாடல் முடிந்ததும் போதகரிடம் போனார்.

“பாஸ்டர், நான் வண்டியில இருக்கும்போது ஆண்டவர் வந்துட்டா, பின்னாடி இருக்கறவங்க கதி?”

“அவங்களும் ஆயத்தமா இருந்திருக்கணும், பிரதர்.”

“கைக்குழந்தைங்க இருக்கும் பாஸ்டர்.”

“அதெல்லாம் அவர் பார்த்துக்குவார். நீங்க உங்களைப் பார்த்துக்கோங்க. மன்னிக்காத மனசு ஒண்ணு உள்ள இருந்தாலே போதும், கால் தரையை விட்டுக் கிளம்பாது.”

போதகர் நோயைச் சொன்னார். இவர் அதை மருந்தாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வண்டி ஓடுகிற நேரத்தில் மட்டும் தன்னைத் தகுதியில்லாதவனாக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார். காலையில் சாவியைத் திருப்புமுன் ஒரு பாவம், மாலையில் இறங்கியதும் ஒரு மனந்திரும்புதல். முதலில் சில்லறைப் பாவங்களை முயன்று பார்த்தார். பசியோடு இருந்துகொண்டே கண்டக்டரிடம் சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொன்னார். ஆனால் இரண்டாவது நிறுத்தத்துக்குள் மனசு உறுத்திவிடும். உறுத்தினால் அது மனந்திரும்புதல், மனந்திரும்பினால் மன்னிப்பு, மன்னிப்பு கிடைத்தால் மறுபடி பயணிகளுக்கு ஆபத்து. பாவம் செய்யக்கூட அவருக்குத் துப்பில்லை. நாள் பூராவும் தாங்குகிற, உறுத்தாத ஒரு பாவம் வேண்டியிருந்தது. போதகர் சொன்னதுதான் சரி என்று பட்டது. யாரை மன்னிக்காமல் இருப்பது என்று தேடினார். ரொம்ப தூரம் தேட வேண்டியிருக்கவில்லை.

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்று காலையில், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்று சொல்லிவிட்டுத்தான் அவர் வேலைக்குப் போனார். மனைவி மருந்து கொடுத்தாள். பிள்ளை தூங்கியது. மாலையில் அவர் வந்தபோதும் தூங்கிக்கொண்டிருந்தது, ஆனால் அது வேறு தூக்கம். “நல்லா தூங்குறாளேன்னு எழுப்பாம விட்டுட்டேங்க” என்றாள் மனைவி. அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆண்டவருடைய சித்தம் என்றார். சபையே அவர் விசுவாசத்தை மெச்சியது. தான் மன்னித்துவிட்டதாகத்தான் அவரும் இத்தனை வருஷமாக நினைத்திருந்தார்.

இப்போது தினமும் காலையில் அதை வெளியே எடுத்தார். சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, ‘எழுப்பாம விட்டுட்டேங்க’ என்ற குரலைக் காதுக்குள் கேட்பார். மன்னிக்க மாட்டேன் என்று மனசுக்குள் சொல்வார். பிறகு சாவியைத் திருப்புவார். இறக்கத்தில்கூடக் கை நடுங்காது. எடுத்துக்கொள்ளப்பட மாட்டோம் என்று தெரிந்த மனிதனின் நிதானம். மாலையில் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, மனைவிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அதைக் கீழே வைப்பார். மன்னித்துவிட்டேன் ஆண்டவரே. யூனிஃபார்மைக் கழற்றி ஆணியில் மாட்டுகிற மாதிரி சுலபமாக இருந்தது, ஆரம்பத்தில்.

கோபத்தோடு விளையாடக்கூடாது. அது விளையாட்டென்று அதற்குத் தெரியாது. சில மாதங்களில் மாலை ஜெபம் நீண்டுகொண்டே போயிற்று. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு சொல்வது உதட்டோடு நின்றது. மனைவி மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்தாள் என்று கேள்விப்பட்டால் நெஞ்சு கொதித்தது. தூக்கம் அவளுக்கு எப்படி வருகிறது? அவள் பக்கத்து வீட்டாரோடு சிரித்தால் அந்தச் சிரிப்பு காதில் குத்தியது. “என்னங்க, உடம்பு சரியில்லையா?” என்று அவள் கேட்டால், ஒன்றுமில்லை என்று எழுந்து போய்விடுவார். வீட்டில் மூன்றாவதாக ஒரு ஆள் குடிவந்த மாதிரி இருந்தது. இவர்தான் தினமும் காலையில் கதவைத் திறந்துவிட்டார்.

ஒருநாள் மதியம் கியர் பாக்ஸ் மக்கர் செய்து வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. மெக்கானிக்கிடம் ஒப்படைத்துவிட்டுச் சீக்கிரமே வீட்டுக்கு வந்தார். மாடிப்படி ஏறும்போதே தண்ணீர் கொட்டுகிற சத்தம். கதவு விரியத் திறந்திருந்தது. குழாயடியில் வாளி நிரம்பி வழிந்து, தண்ணீர் கூடம்வரை வந்திருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்துகொண்டிருந்தது. அவள் செருப்பு வாசலில் கிடந்தது, செல்போன் மேஜைமேல். தரையில், தண்ணீருக்கு நடுவில், அவளுடைய மூக்குக்கண்ணாடி. அது இல்லாமல் அவளுக்கு நீட்டிய கை தெரியாது.

கூப்பிட்டார். பதில் இல்லை. ஜன்னல் வழியே பார்த்தார். தெருவில் வெயில் மட்டும் இருந்தது. எப்போதும் குரைக்கும் நாய்கூட இல்லை. அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

முடிந்தது. ஆண்டவர் சத்தமில்லாமல் வந்து, சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அழுகை வரும் என்று நினைத்தார். வரவில்லை. பிள்ளையின் முகம் வந்தது, அந்த முகத்தை நோக்கிக் கை நீட்டிக்கொண்டு போகிற மனைவி வந்தாள், அடிவயிற்றிலிருந்து ஒரு கோபம் கிளம்பியது. மேலே பார்த்துக் கத்தினார்.

“இவளையா? இவளையா கூட்டிட்டுப் போனீங்க? பிள்ளையைச் சாகவிட்டவளையா?”

பின்னால் ஏதோ அசைந்தது. திரும்பினார். வாசலில் மனைவி நின்றிருந்தாள், புடவையெல்லாம் நனைந்து, கண்களை இடுக்கிக்கொண்டு.

“கீழ் வீட்டம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. சத்தம் கேட்டு அப்படியே ஓடிட்டேன்” என்றாள். எப்போதும் பேசுகிற அதே குரலில்தான் சொன்னாள். பிறகு உள்ளே வந்து அடுப்பை அணைத்தாள். குழாயை மூடினாள். கண்ணாடியைத் தடவி எடுத்து, முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, அவர் எதிரில் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தாள்.

அவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஜவுளிக்கடை, கண்டக்டர் அடித்த ஜோக், போதகர் சொன்னது, தினமும் காலையில் சாவி திருப்புமுன் செய்வது. “பயணிங்களுக்காகத்தான் செஞ்சேன். சத்தியமா அதுக்குத்தான். சும்மா காலைல மட்டும்னு நினைச்சேன்” என்றார்.

அவள் அழவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

“நீங்க அன்னைக்குத் திட்டியிருக்கணுங்க” என்றாள். “திட்டியிருந்தா நான் அழுதிருப்பேன். நீங்க சித்தம்னு சொல்லிட்டுப் பாட்டுப் பாடினீங்க. நான் யார்கிட்டப் போய் அடி வாங்குவேன்?”

அவள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“எங்க சபை சொல்லிக்கொடுத்ததைப் பிடிச்சிட்டுத் தொங்குறேன்னு நினைச்சீங்கல்ல? அதெல்லாம் எனக்கு எப்பவோ மறந்துபோச்சு. இப்பவே அவர் கூப்பிட்டா, நான் எந்த மூஞ்சியோட அவ முன்னாடி போய் நிப்பேன்? ஏம்மா என்னை எழுப்பலைன்னு கேட்டா? முதல்ல கஷ்டம் வரட்டும். பட வேண்டியதைப் பட்டுட்டு அப்புறமா போறேன். அதனாலதான் எனக்கு அவர் மெதுவா வந்தாப் போதும்.”

படத்தில் விரல் வைத்து எத்தனை மாலைகள் அவளோடு வாதாடியிருக்கிறார்! அவருக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. அவள் கையைப் பிடித்தார். ஈரமாக, சில்லென்று இருந்தது. அவள் கேட்டாள்.

“இப்பவாவது மன்னிச்சிட்டீங்களா?”

“மன்னிச்சிட்டேன்.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். “சரிங்க” என்று சொல்லிவிட்டு, தீய்ந்த பாத்திரத்தைத் தேய்க்க எழுந்து போனாள்.

மறுநாள் காலை அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். வழக்கம்போல அந்தக் குரலைத் தேடினார். ‘எழுப்பாம விட்டுட்டேங்க.’ கேட்டது. ஆனால் கோபம் வரவில்லை. தண்ணீரில் உட்கார்ந்திருந்த பெண்தான் வந்தாள். நேற்றுச் சொன்னது உண்மைதானா? உண்மை என்றால் இந்த நிமிஷம் அவர் தகுதியுள்ளவர், எப்போது வேண்டுமானாலும் இந்த சீட் காலியாகலாம். பொய் என்றால் கீழேயே கிடப்பார், பிள்ளை மேலே காத்திருப்பாள். உள்ளே துழாவிப் பார்த்தார். உண்மையா பொய்யா என்று அவருக்கே தெரியவில்லை.

பின்னால் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள், தோளில் தூங்கும் குழந்தையோடு ஒரு பெண், மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்ட ஒரு பெரியவர். வண்டி நிரம்பிவிட்டது. கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

“அண்ணே, என்ன யோசனை? நேரமாச்சு. போலாம், ரைட்!”

அவர் சாவியைத் திருப்பினார். மனைவியிடம் சொன்னது பொய்யாகவே இருக்கட்டும் ஆண்டவரே என்று, கடைசி ஆள் இறங்கும்வரை, வேண்டிக்கொண்டே ஓட்டினார்.