பல் இல்லாத இடத்துப் பல்வலி

சிலாவத்துறையில் அருளப்புவின் மருந்துக்கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மருந்துக்கு வருவதில்லை, கேள்வி கேட்கத்தான் வருகிறார்கள் என்பது அவருடைய மனைவி பெற்றிசியாவின் முடிவு. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடுமா? பிடுங்கிய பல்லைக் கடலில் போடலாமா, மண்ணில் புதைக்கவேண்டுமா? உமிக்கரியால் விளக்குவது நல்லதா, உப்பால் விளக்குவது நல்லதா? வெற்றிலை போட்டால் பல் இறுகும் என்கிறார்களே, உண்மையா? அருளப்பு பல்லைப் பிடுங்குவார். பெற்றிசியா வந்தவரின் தலையை அசையாமல் பிடிப்பாள். கேள்விகளுக்குப் பதில் சொல்வதும் அவள் வேலைதான்.

"மேல்பல்லுக் கழட்டிக் கண் போறதெண்டா இந்த ஊரில அரைவாசிப் பேர் தடி ஊன்றியெல்லோ நடக்கோணும்" என்பாள். கேட்டவர் வாயை மூடிக்கொள்வார். பிறகு திறக்கச் சொல்லி அதட்டவேண்டியிருக்கும்.

அருளப்பு ஒரு காலத்தில் முத்துக்குளிப்பு முகாமில் வெள்ளைக்கார டாக்குத்தருக்கு எடுபிடியாக இருந்தவர். அங்கிருந்து இரண்டு குறடும் பெரிய குரலும் கொண்டுவந்தார். ஊர் அவரை, படித்துப் பட்டம் பெற்ற வைத்தியரைப்போல, அப்போத்திக்கரி ஐயா என்று கூப்பிட்டது. அவர் அதைத் திருத்தப் போகவில்லை, யார்தான் போவார்? பெற்றிசியா பேசாலைக்காரி. பன்னிரண்டு வருஷமாகத் தலை பிடித்தவள். கணவர் காய்ச்சலில் கிடந்த நாட்களில் தானே ஏழு பல் பிடுங்கியிருக்கிறாள். ஏழும் வேரோடு வந்தன. அவர் பிடுங்குவதில் பாதி முறிந்து வருகிற கதையை அவள் யாருக்கும் சொன்னதில்லை, அவரைத் தவிர.

அந்த மாசி மாதம் கொண்டச்சியிலிருந்து ஜுனைதீன் என்றொரு இளைஞன் வந்தான். ஆடு மாடும் கொஞ்சம் வயலும் உள்ளவன். கதிரையில் உட்காரச் சொன்னால் நுனியில் உட்கார்ந்தான். பல்வலி என்றான். எந்தப் பல் என்றதற்குக் கீழே வலப்பக்கக் கடைவாயைத் தொட்டுக் காட்டினான். அருளப்பு தட்டிப் பார்த்தார். அவன் முகம் சுளிக்கவில்லை.

"இதுதானே?"

"ஓம் ஐயா."

"பிடுங்கட்டோ?"

ஜுனைதீன் ஒரு கணம் யோசித்தான். "ஓம் ஐயா" என்றான்.

பல் வந்தது. வெற்றிலைக் கறை தவிர அதில் ஒரு குறையும் இல்லை. பெற்றிசியா அதை விரலில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். "வேரில நோய் இருந்தா வெளியால தெரியாது" என்று ஜன்னலுக்குச் சொன்னார்.

நான்கு நாள் கழித்து, மன்னாரில் மருந்துப்பெட்டி வந்திருக்கிறதென்று அருளப்பு விடியவே தோணி ஏறிய அன்று, ஜுனைதீன் மறுபடி வந்து நின்றான். பெற்றிசியா தனியாக இருந்தாள்.

"என்ன தம்பி, புண் ஆறேல்லையோ?"

"பல்லு வலிக்குது."

"எங்க?"

அவன் வாயைத் திறந்து அதே இடத்தைத் தொட்டுக் காட்டினான். அங்கே பல்லே இல்லை. முரசுச் சதை அழகாக மூடி ஆறிக்கொண்டிருந்தது.

பெற்றிசியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பன்னிரண்டு வருஷத்தில் எத்தனையோ விதமான பல்வலி பார்த்தவள், பல் இல்லாத இடத்துப் பல்வலியை அன்றுதான் பார்த்தாள். சிரித்து முடித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். இரண்டு இரவு தூங்காத முகம். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"தம்பி, வலி உமக்கில்லை. ஆருக்கு?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "வீட்டில..." என்றான். பிறருக்கு முன்னால் பெண்சாதியின் பேரைக்கூட எடுக்காத வளர்ப்பு அது. அவளுடைய வாயைப் பற்றி, அவளுடைய வலியைப் பற்றி, எப்படிப் பேசுவான்? அதனால் அவளுடைய வலியைத் தன் வாயில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறான்.

"அது சரி, நல்ல பல்லைப் பிடுங்க ஏன் ஓம் எண்டனீர்?"

"பிடுங்கினாத் தாங்கேலுமோ எண்டு அவ என்னைக் கேட்டவ. எனக்குத் தெரியேல்ல. ஒருக்காப் பிடுங்கிப் பாத்திட்டுச் சொல்லுவம் எண்டு..."

பெற்றிசியாவுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. தன் கணவர் தனக்காக ஒரு மயிரைக்கூடப் பிடுங்கிக் கொடுத்ததில்லை என்ற நினைப்பு வந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தாள்.

"இப்ப அவவுக்கு எப்பிடி?"

"கன்னம் வீங்கிக் கிடக்கு. காய்ச்சல். வாய் திறக்கேலாது."

"மாட்டுவண்டி கொண்டு வந்தனீரோ? பூட்டும்."

குறடு, கராம்பு எண்ணெய்ப் போத்தல், சுத்தமான துணி, ஒரு பொட்டலம் உப்பு ஆகியவற்றைப் பெட்டியில் வைத்தாள். கடையைப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகினாள். காத்திருந்த இரண்டு பேரிடம் நாளைக்கு வரச்சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, வலி இன்றைக்கே செத்துப்போகாது என்றாள்.

கொண்டச்சி வீட்டில் ஜுனைதீன் முற்றத்திலேயே நின்றுவிட்டான். உள்ளறைச் சீலையை விலக்கிக்கொண்டு பெற்றிசியா போனாள். பாயில், சுவரில் சாய்ந்தபடி இருந்தாள் கைருன்னிசா. இருபது வயது இருக்கலாம். இடது தாடையில் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பியிருந்தது. வீக்கம் தாடையைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கத் தொடங்கியிருந்தது. ஜுனைதீன் வலப்பக்கத்தைக் காட்டியதுகூட, அவளுக்கு எதிரே உட்கார்ந்து பார்த்த பழக்கத்தில்தான்.

பெற்றிசியாவின் கண் கழுத்திலிருந்து கீழே போனது. வயிறு மேடிட்டிருந்தது.

"எத்தினை மாசம்?"

"அஞ்சு" என்றார் பக்கத்தில் இருந்த மாமியார் றாபியா. ஜுனைதீன் இதையும் சொல்லவில்லை. இதையா சொல்லப்போகிறான்?

கைருன்னிசா பற்களுக்கிடையில் மெல்லப் பேசினாள். "ரெண்டு நாளா அசைவில்ல."

றாபியா வெளிப்படையாகவே சொன்னார். "போன வருஷம் ஒண்டு தங்காமப் போச்சு மகள். புள்ளத்தாச்சிக்குப் பல்லுப் பிடுங்கினா இதும் போயிடும். மருந்து மட்டும் தந்திட்டுப் போங்கோ."

இந்த மாதிரி வீக்கத்தைப் பெற்றிசியா பேசாலையில் ஒருமுறை பார்த்திருக்கிறாள். சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சை அடைத்தது. மூன்றாம் நாள் அந்தப் பெண்ணைச் சேமக்காலைக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அவள் அதை இங்கே சொல்லவில்லை. வேறு விதமாகச் சொன்னாள்.

"உம்மா, பிடுங்கினாப் போகாது. பிடுங்காட்டித்தான் போகும். இந்தச் சீழ்தான் காய்ச்சலாக் கொதிக்குது. தாய் கொதிச்சா வயித்தில இருக்கிறதும் எல்லோ கொதிக்கும்? மருந்தைப் பூசிப் பூசி எத்தினை நாள் பாக்கப்போறியள்? குப்பையை உள்ளுக்க வைச்சுக்கொண்டு வாசலைக் கூட்டிற வேலை இது."

"கண்டங்கத்தரி விதைப் புகை பிடிச்சம். பூச்சி விழுந்திச்சே" என்றாள் அக்கம்பக்கத்துப் பெண்களோடு மூலையிலிருந்த நாத்தனார் நசீறா.

"எங்க விழுந்தது?"

"சட்டித் தண்ணியில. வெள்ளை வெள்ளையா."

"அது விதையின்ர முளை பிள்ளை. சூட்டில வெடிச்சு விழுறது. வாயைத் திறக்காத ஆடொண்டைப் பக்கத்தில வைச்சுப் புகை போடும், அப்பவும் விழும். பல்லுக்குள்ள பூச்சி இல்லை. சாப்பாடு இடுக்கில நிண்டு அழுகி ஓட்டை விழுது. இரவில படுக்க முன்னம் உப்புத்தண்ணியில கொப்பளிச்சா இந்த நிலைக்கு வராது."

"கண்ணுக்கு ஒண்டும்..."

"இது கீழ்ப்பல்லு. கண் மேல இருக்கு."

நசீறா தன் சந்தேகத்தை விடுகிறவளாக இல்லை. "இரத்தம் வந்தா தொழுகைக்கு எடுத்த ஒளு முறியுமோ?"

"அதைப் பள்ளி லெப்பையிட்டக் கேளுங்கோ. பல்லை மட்டும் என்னட்டக் கேளுங்கோ."

மற்றப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். றாபியா சிரிக்கவில்லை. பெற்றிசியாவின் கண்ணுக்குள் பார்த்தார்.

"புள்ளைக்கு ஒண்டெண்டா?"

"என்ர பொறுப்பு" என்றாள் பெற்றிசியா.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லின் பாரம் தெரிந்தது. பல்லுக்குப் பொறுப்பு ஏற்கலாம். இரண்டு நாளாக அசையாத ஒன்றுக்கு அவள் எப்படிப் பொறுப்பு? ஆனாலும் சொன்னது சொன்னதுதான். முகத்தில் ஒரு சுருக்கம் விழ விடாமல் சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகினாள்.

"தலையை ஆர் பிடிக்கிறது?"

பெண்கள் பின்வாங்கினார்கள். இரத்தம் பார்த்தால் எனக்கு மயக்கம் வரும் என்றாள் நசீறா. றாபியா, துப்பச் சட்டி எடுக்கவென்று எழுந்து நகர்ந்தார். அப்போது சீலைக்கு வெளியேயிருந்து குரல் வந்தது.

"நான் பிடிக்கிறன்."

தாய்க்கும் தங்கச்சிக்கும் முன்னால் பெண்சாதியைத் தொடுவதென்பது அந்த வீட்டில் நடக்காத காரியம். ஜுனைதீன் உள்ளே வந்தான், யார் முகத்தையும் பார்க்காமல் அவளுக்குப் பின்னால் மண்டியிட்டு, இரண்டு கையாலும் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான். றாபியா மகனைப் பார்த்தார், சட்டியைக் கொண்டுவந்து பாயோரம் வைத்தார்.

பெற்றிசியா முரசில் கராம்பு எண்ணெய் தடவினாள். வாய் திறக்கும் அளவுக்குத் திறக்கவைத்து, மூடாமலிருக்க மறுபக்கத்தில் துணியைச் சுருட்டி வைத்தாள். கைருன்னிசா கண்ணை மேலே தூக்கிக் கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வை என்ன கேட்கிறது என்று அறையிலிருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

"வலிக்கும்" என்றான் ஜுனைதீன். "பொய் சொல்லமாட்டன். ஆனா எண்ணி முடிக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும். நான் எண்ணினனான். பதினாலு."

"அது அவர் பிடுங்கினது" என்றாள் பெற்றிசியா. "நான் பிடுங்கினாப் பத்து. எண்ணும் தம்பி."

அவன் எண்ணினான். குறடு பல்லின் கழுத்தைக் கவ்வியது. இழுக்கக்கூடாது; உள்ளுக்கும் வெளிக்கும் அசைத்து, எலும்பைத் தளர்த்தி, பல் தானாக வருவேன் என்னும்போதுதான் எடுக்கவேண்டும். கைருன்னிசாவின் காலிரண்டும் பாயைத் தேய்த்தன. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. ஏழில் பல் அசைந்தது. எட்டில் ஜுனைதீனின் குரல் உடைந்தது. ஒன்பதை அவன் சொல்ல முன்னமே பல் வேரோடு வெளியே வந்தது, அதன் பின்னாலேயே சீழும் இரத்தமும்.

"துப்பும் பிள்ளை. எல்லாத்தையும் துப்பும்."

சட்டி அரைவாசி நிரம்பியது. நாற்றத்தில் நசீறா மூக்கைப் பொத்தினாள். கைருன்னிசா நீளமாக ஒரு மூச்சு விட்டாள், பிறகு அழுதாள்; வலிக்கிற அழுகை இல்லை அது.

பெற்றிசியா துணியை மடித்துப் புண்ணில் கடிக்கக் கொடுத்தாள். அன்றைக்குக் கொப்பளிக்கவேண்டாம், நாளை முதல் இளஞ்சூட்டில் உப்புத்தண்ணி, இரண்டு நாளைக்கு ஆறின கஞ்சி, தாடையில் மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டவே வேண்டாம், அது சீழை வெளித்தோலுக்கு இழுத்துவிடும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லவைத்தாள். றாபியா ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தார். வயிற்றைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

வண்டியில் திரும்பும் வழியெல்லாம் பெற்றிசியா மாதாவிடம் பேரம் பேசிக்கொண்டு வந்தாள். பயமாக இருந்தது. பிடுங்கியது சரி என்பதில் அவளுக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. பிந்திவிட்டதோ என்பதுதான் பயம்.

மறுநாள் காலையில் அருளப்பு மருந்துப்பெட்டியோடு வந்து இறங்கினார். கதை அவருக்கு முன்னமே கரைக்கு வந்துவிட்டிருந்தது. கடை வாசலில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் காத்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னாலேயே குரலை உயர்த்தினார்.

"ஆரைக் கேட்டு நீ கொண்டச்சிக்குப் போனனீ?"

"நீங்கள் பிடுங்கின நல்ல பல்லைக் கேட்டுப் போனனான்."

வாசல் வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு கடற்கரைப் பக்கம் திரும்பினார்கள். அருளப்பு பெட்டியை நிலத்தில் வைத்தார். "பல்லு முறியாமலோ வந்தது?" என்று தணிந்த குரலில் கேட்டார். "வேரோட" என்றாள்.

அந்த நேரத்தில்தான் ஜுனைதீன் ஓடி வந்தான். வண்டி இல்லை. சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு கொண்டச்சியிலிருந்து ஓடியே வந்திருக்கிறான். வாசலில் வந்து நின்றான். மூச்சு வாங்கியது. சுற்றியிருந்த ஆண்களை ஒருமுறை பார்த்தான்.

பெற்றிசியா அவன் முகத்தைப் பார்க்க மாட்டாமல் அவன் காலைப் பார்த்தாள். கணுக்கால் வரை புழுதி. நல்ல சேதிக்கு யார் இப்படி ஓடுவார்கள்?

"தம்பி, சொல்லும்" என்றாள். "எதுவெண்டாலும் சொல்லும்."

அவன் வாயைத் திறந்தான். அத்தனை ஆண்களும் கேட்கும்படி, கடற்கரைக்கே கேட்கும்படி சொன்னான்.

"கைருன்னிசா சொல்லச் சொன்னவ அம்மா. புள்ள அசையுது. சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ரெண்டு தரம் உதைச்சிச்சு. என்ர கையைப் பிடிச்சு வயித்தில வைச்சவ. எனக்கும் உதைச்சிச்சு!"

பெற்றிசியா அந்த இடத்திலேயே, அத்தனை பேருக்கும் முன்னால், ஓவென்று அழுதாள்.