கூடம் கோணல்

லேசர் அறையில் பேசக் கூடாது என்பது எங்கள் சட்டம். பேச்சின் அதிர்வுகூட ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிகளை அசைத்துவிடும். சட்டத்தைப் போட்டவன் என்னோடு ஆராய்ச்சி செய்பவன். யார் வாயைத் திறந்தாலும் உதட்டில் விரல் வைப்பான். அவன் பெயரே 'உஷ்' ஆகிவிட்டது. அன்றைக்கு நான் எந்தச் சட்டத்தையும் மதிக்கிற நிலையில் இல்லை.

"மறுபடியும் நேர்கோடு! பாரு, செத்த பாம்பு மாதிரி கிடக்கு!" என்று கத்தினேன்.

எங்கள் வேலை இதுதான். முடியைவிட மெல்லிய படிகத் தகடு ஒன்றின் மேல் லேசர் ஒளியை ஒரு துடிப்பாக அடிப்போம். கண் சிமிட்டுவதே யுகம் என்று சொல்லுமளவு குறுகிய துடிப்பு. படிகத்துக்குள் எலக்ட்ரான்கள் ஊஞ்சல் போல ஆடும். பின்னாலேயே இன்னொரு துடிப்பை அனுப்பி அந்த ஆட்டத்தைப் பிடிப்போம். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போனால், கணினித் திரையில் கோடு அலை அலையாக வர வேண்டும். மேசை துளி அசைந்தாலும் அலை அழிந்து கோடு நேராகிவிடும்.

வந்திருக்கிறது, ஒரே ஒரு முறை. அதை நம்பித்தான் ஆய்வேடு முழுவதும் எழுதி வைத்திருந்தேன். "ஒரு தடவை வந்தா அது பேய். ரெண்டாவது தடவை வரட்டும், ஒத்துக்கறேன்" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அன்று மாலையோடு லேசர் வேறு குழுவுக்குப் போவதாக இருந்தது. திரும்ப எப்போது கிடைக்கும் என்று கேட்டபோது எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

நான் பழி போட ஆள் தேடினேன். "கீழ்த்தளத்து பம்புதான் காரணம். இல்லைன்னா லிஃப்ட். இந்த ஏசி வேற, சனியன்!"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று முணுமுணுத்தான் உஷ்.

"பேசக் கூடாதுன்னு சட்டம் போட்டவன் நீதானே? மூடு வாயை!"

பம்பை நிறுத்தச் சொன்னேன். ஏசியை அணைத்தேன். லிஃப்ட் வாசலில் 'பழுது' என்று பொய் அட்டை ஒன்றை மாட்டிவிட்டு வந்தேன். கோடு அப்படியே கிடந்தது. கணினி முன்னால் நாற்காலியில் வந்து விழுந்தேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா போன் செய்தாள்.

"சாப்பிட்டியா? அங்க என்னடி கிறீச் கிறீச்னு சத்தம்? காலை ஆட்டறியா?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாத. பரீட்சைன்னா நாற்காலியோட சேர்ந்து ஆடறவதானே நீ. காலை ஆட்டாதடி, வீட்டுக்கு ஆகாது."

"நானே இங்க செத்துக்கிட்டிருக்கேன், போனை வைம்மா!"

வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். என் முழங்கால் தானாகத் துள்ளிக்கொண்டிருந்தது. முழங்கால் கணினி மேசையில் இடித்தது. கணினி மேசை லேசர் மேசையை ஒட்டி நின்றது. வயர் எட்டவில்லை என்று நான்தான் அதை அங்கே தள்ளிப் போட்டிருந்தேன். கட்டடமே அதிர்ந்தாலும் தெரியக் கூடாது என்று காற்றில் மிதக்க விட்டிருக்கும் லேசர் மேசை அது.

"உஷ், முதல் தடவை அலை வந்தப்ப நான் எங்க இருந்தேன்?"

அவன் யோசித்தான். "நீ பல்லு பிடுங்கப் போயிருந்த. நான்தான் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்திருந்தேன்."

"அப்ப என் காலாட்டம்தான்டா அலையைக் கெடுத்திருக்கு!" என்று முழங்காலைக் காட்டினேன்.

"மேசையை நகர்த்திடலாமா?" என்று கேட்டேன்.

"நகர்த்தினா கண்ணாடியெல்லாம் கலைஞ்சிடும். திரும்ப ஒண்ணொண்ணா சரி பண்ண நேரம் இல்ல. நீ காலை ஆட்டாம உட்காரு, போதும்."

இரண்டு கையாலும் முழங்காலை அமுக்கிப் பிடித்தேன். அடுத்த கால் ஆட ஆரம்பித்தது.

உஷ் என்னைப் பார்த்தான். "வெளிய போயேன்" என்றான் மெதுவாக.

"என் எலக்ட்ரானை நான் பார்க்கக் கூடாதாடா?"

அவன் உதட்டில் விரல் வைத்தான். நான் எழுந்து போனேன்.

உள்ளே கறுப்புத் திரை போட்டிருந்ததால் கதவுக் கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியவில்லை. நடைபாதைச் சுவரில் சாய்ந்து நின்றேன். இரண்டு கால்களும் வெடவெடத்தன. ஆடித் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன். அலை வராவிட்டால் என்ன செய்வேன் என்று எண்ணிப் பார்க்கக்கூடத் தைரியம் இல்லை.

"ஆடுது! ஏய், ஆடுதுடி!"

உஷ் இப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றான். "பாதிக்கு மேல வந்தாச்சு! வா, வந்து பாரு!"

"கத்தாதடா பாவி, கலைஞ்சிடும்! நான் வரல. உள்ள போய் முழுசா முடி!"

கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. நான் தரையில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

"காலை ஆட்டிக்கிட்டுதாம்மா இருந்தேன்" என்றேன்.