வீட்டில் எத்தனை பேர்

குரோம்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால், தபீதாள் டீச்சர் வீடு என்றாலே வேலைக்காரிகள் தலைதெறிக்க ஓடினார்கள். சம்பளத்தில் குறையில்லை, டீச்சர் வாயிலும் குறையில்லை. உள்ளறையில் பக்கவாதத்தில் விழுந்து கிடந்த கணவர் வேதசிரோமணிதான் காரணம். மூத்திர வாடை மூக்கில் ஏறியதும், ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்புகிறவள் அத்தோடு தலைமறைவு. மேடவாக்கத்தில் புதிது புதிதாக முளைத்த ஃபிளாட்டுகள் அவர்களை வாரிக்கொண்டன. கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் வீட்டில் படுக்கையிலேயே போகிற புருஷன் எங்கே இருக்கப்போகிறான்?

தபீதாளுக்கோ டிஸ்க் விலகி, குனிந்தால் நிமிர முடியவில்லை. இன்னும் ஒருத்தி ஓடினால் இரண்டு பேரும் அழுக்கிலேயே கிடந்து சாக வேண்டியதுதான் என்று பயந்தாள்.

அதனால் புது வேலைக்காரி கங்கம்மா வருகிற அன்று காலையிலேயே, பல்லைக் கடித்துக்கொண்டு கணவரைத் துடைத்து, துணி மாற்றி, அவருடைய தட்டையும் கழுவி மறைத்து வைத்தாள்.

"கொஞ்ச நேரம் சத்தம் காட்டாதீங்க. அவ பழகட்டும், அப்புறமா சொல்லிக்கலாம்" என்று கதவைச் சாத்தினாள்.

வேலைக்கு வருகிறவர்கள் தலையை எண்ணித்தான் ஒத்துக்கொள்வார்கள். கங்கம்மாவும் விளக்குமாற்றைத் தொடும் முன் அதைத்தான் கேட்டாள்.

"வூட்ல எத்தினி பேருமா?"

"நான் மட்டும்தான்."

"அந்த ரூமு?"

"பழைய சாமான். அத பெருக்க வேணாம்."

கங்கம்மா கெட்டிக்காரி. பாத்திரங்களைப் பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்தாள். மூலைமுடுக்கெல்லாம் பெருக்கித் துடைத்தாள். ஈரத் தரையைப் பார்த்தபோது தபீதாளுக்கு அழுகையே வந்துவிட்டது. துடைத்துக்கொண்டே வந்தவள், சாத்திய கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த கல்யாண போட்டோவைப் பார்த்து நின்றாள்.

"ஐயா பூட்டாராம்மா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். சொன்னால் எங்கே என்று கேட்பாள். ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுத்த அந்த வாய், "ம்" என்றது.

"எங்கூட்டுக்காரரும் பூட்டாரு. இன்னா செய்றது. தனியா கீறோம்னு ரோசிக்காதம்மா, நான் கீறேன். நாளைக்குக் காலைலயே வந்துடறேன்."

அவள் தெருமுனை திரும்பியதும் தபீதாள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். வேதசிரோமணி முகம் சிவந்து, கண்ணில் நீர் வழியக் கிடந்தார். இருமல் வந்திருக்கிறது. நல்ல கையால் துண்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்திருந்தார். படுக்கை முழுக்க ஈரம்.

துண்டை உருவி எடுத்தாள். அவர் காதில் விழுந்ததா என்று கேட்க அவளுக்குத் துணிவில்லை. விழாமல் என்ன, நடுவில் இருந்தது வெறும் பலகைக் கதவு. இப்படியே செத்துப்போனால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அவர் மூச்சு வாங்கிவிட்டு, கோணிய வாயால் குழறினார்.

"நாளைக்கு... வருவாளா?"

"வருவா."

தலையாட்டினார். துண்டை அவள் கையிலிருந்து வாங்கி, ஒற்றைக் கையால் முடிந்தவரை மடித்து, தலையணைக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துக்கொண்டார்.