சத்தம் வராத சீட்டி

கல் அறுக்கும் பட்டறையிலிருந்து வீட்டுக்காரர் திரும்பும்போது படிக்கட்டில் சீட்டி கேட்கும். கேட்டதும் அவள் டீக்குத் தண்ணி வைப்பாள். நாலு மாடி ஏறி அவர் கதவைத் தட்டவும் தண்ணி கொதிக்கவும் சரியாக இருக்கும். இருபது வருஷப் பழக்கம் கண்ணுகளா, லேசில் விடுமா?

போன மழைக்காலத்தோடு சீட்டி நின்றுபோயிற்று. பேச்சும் சுருங்கிவிட்டது. எதைக் கேட்டாலும் "ம்", "சரி", "அப்புறம்". ஊரிலிருந்து வந்த தன் தம்பியைத் தான் கொஞ்ச நாள் வீட்டில் தங்கவைத்ததில் மனுஷனுக்குக் கோபம் என்று அவளாகவே முடிவு கட்டினாள். எனக்கு மட்டும் வாயை மூடத் தெரியாதா என்று அவளும் மூடிக்கொண்டாள். காலையில் அவர் இருமியதுகூட, தன்னைக் குத்திக்காட்டத்தான் என்று பட்டது.

கீழ்வீட்டு அக்காதான் ஒருநாள் சிரித்தாள். "உன் வீட்டுக்காரர் ஷூ லேஸ் என்னடி, எண்ணெயில ஊறுனதா? மாடிக்கு மாடி அவுந்துக்குது. ஒவ்வொரு திருப்பத்துலயும் குனிஞ்சு கட்டிக்கிட்டே இருக்காரு!"

அவளும் சிரித்துவைத்தாள். மறுநாள் அவர் வரும் நேரத்துக்குக் குப்பைக்கூடையோடு இறங்கினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்திருந்தார். லேஸ் கட்டினபடியேதான் இருந்தது. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. சீட்டியடிப்பது போல உதட்டைக் குவித்திருந்தார். சத்தம்தான் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு குழாயைக் கொடுத்தாள். "ஊதுங்க... இன்னும், இன்னும்... அவ்வளவுதானா?" பிறகு இவள் பக்கம் திரும்பினாள். "எத்தனை நாளா இப்படி?"

"ஒரு வருஷமா என்கூடப் பேசறதில்ல."

நர்ஸ் பேனாவை நிறுத்தினாள். "பேசறதில்லையா, பேச முடியலையா?"

அவர் தரையைப் பார்த்தார். "ரெண்டு வார்த்தைக்கு மேல... மூச்சு போதல. நீ கோவமா இருந்தே. அதுவும் நல்லதுதான்னு... விட்டுட்டேன்."

கல்தூசி நுரையீரலைத் தின்றிருந்தது. போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம், பட்டறைப் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். சரி என்றாள். மருந்துச்சீட்டை வாங்கி நாலாக மடித்தாள். அழுகை வருமென்று பார்த்தாள், வரவில்லை.

வீட்டுக்கு வந்து ஏறும்போது முதல் திருப்பத்திலேயே அவர் ஷூவைப் பார்த்துக் குனிந்தார்.

"லேஸ் நல்லாத்தான் இருக்கு. உக்காருங்க."

உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பேச வேணாம்," என்றாள்.

மேலே இன்னும் மூன்று மாடி. இனிமேல் டீக்குத் தண்ணியை எப்போது வைப்பது என்பது மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை.