மாமியாருக்குப் பரலோகம்

செல்வதாஸ் பேச எழுந்தால் எதிர்த்துப் பேசுகிறவர் உட்கார்ந்துவிடுவதுதான் உத்தமம் என்று சபையில் எல்லோருக்கும் தெரியும். வடசேரியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். ரவிக்கைத் துண்டு வாங்க வந்தவளைச் சேலையும் வேட்டியும் வாங்க வைத்து அனுப்புகிற வாய் அவருக்கு. அந்த வாயைச் சனிக்கிழமை சாயங்காலங்களில் சபையின் ஆண்கள் சங்கத்துக்கு இலவசமாகக் கொடுத்துவந்தார்.

அது 1951-ஆம் வருஷம். மிஷன் சபைகள் பலவும் ஒன்றாகச் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபையாகிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பழைய லண்டன் மிஷன்காரர்களுக்குப் புதிய ஒழுங்குகள் இன்னும் உடம்பில் ஒட்டவில்லை. எதற்கெடுத்தாலும், "ஆதிச் சபையார் என்ன செய்தார்கள்?" என்றொரு கேள்வி கிளம்பும். அந்தச் சனிக்கிழமைத் தர்க்கமும் அதைப் பற்றித்தான். ரட்சிப்பு என்று ஆதிச் சபையார் எதைச் சொன்னார்கள்? ஞானஸ்நானம் பெறாதவனுக்கு அது உண்டா?

உண்டு என்று பேசினார் பள்ளிக்கூட வாத்தியார் சுந்தரராஜ். செல்வதாஸும் அவரும் சின்ன வயதிலிருந்தே சிநேகிதர்கள். இல்லை என்று பேசினார் செல்வதாஸ். ஓய்வுபெற்ற போதகர் தங்கையன் நடுவர். அன்று பெண்களும் கேட்க வரலாம் என்று சொல்லியிருந்ததால் செல்வதாஸின் மனைவி தேவகனியும் வந்திருந்தாள்.

சுந்தரராஜ் எடுத்த எடுப்பிலேயே இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவனுக்கு யார் ஞானஸ்நானம் கொடுத்தார்கள்? அன்றைக்கே அவனுக்குப் பரதீசு கிடைக்கவில்லையா?

செல்வதாஸ் எழுந்து சால்வையைச் சரி செய்துகொண்டார்.

"நடுவர் அவர்களே! கள்ளன் செத்தது வெள்ளிக்கிழமை. ஞானஸ்நானம் கொடுங்கள் என்று ஆண்டவர் கட்டளையிட்டது உயிர்த்தெழுந்த பிறகு. சட்டம் அமலுக்கு வருமுன் செத்தவனைச் சாட்சிக்கு இழுக்கிறாரே வாத்தியார்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அப்புறம் அவரை யார் பிடிப்பது? பூமி அதிர்ந்த ராத்திரியில் மனந்திரும்பிய சிறைச்சாலைக்காரன் விடியட்டும் என்று காத்திருந்தானா, அந்த நேரத்திலேயே வீட்டாரோடு ஞானஸ்நானம் பெறவில்லையா என்று கேட்டார். கொரிந்து பட்டணத்தில் செத்துப்போனவர்களுக்காகக்கூடச் சிலர் ஞானஸ்நானம் பெற்றதை எடுத்துச் சொன்னார். "கதவு ஒன்றுதான். அந்தக் கதவின் பெயர் தண்ணீர். அதைத் தொடாமல் போனவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் வெளியேதான் நிற்பான்!" என்று முடித்தார்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மறுபேச்சையும் தீர்ப்பையும் அடுத்த சனிக்கிழமைக்கு ஒத்திவைத்தார் நடுவர்.

வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் எடுத்து வைத்தாள் தேவகனி.

"நல்லாப் பேசுனீங்க."

"சுந்தரம் முகத்தைப் பாத்தியா? செத்த நெத்திலி மாதிரி ஆயிட்டுது."

"பாத்தேன். ஒரு சந்தேகம் கேக்கட்டா?"

"கேளு, கேளு."

"எங்கம்மை இப்போ எங்க இருக்கா?"

செல்வதாஸ் வாய்க்குக் கொண்டுபோன கிழங்கைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

தேவகனி ரட்சணிய சேனைக் குடும்பத்துப் பெண். சேனையில் ஞானஸ்நானம் கிடையாது. குழந்தையைக் கொடிக்குக் கீழே நின்று ஜெபித்து ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பார்கள், அவ்வளவுதான். அவளுடைய அம்மா செல்லபாய் சேனையின் சிவப்புச் சட்டை போட்டவள். அஞ்சுகிராமம் பக்கம் காலரா வந்தபோது, சொந்தக்காரர்களே தொடப் பயந்தவர்களைத் தூக்கிக் கழுவி, கஞ்சித்தண்ணி புகட்டினாள். கடைசியில் அதிலேயே போய்ச் சேர்ந்தாள்.

கல்யாணத்தின்போது பழைய போதகர் தேவகனியிடம், "ஆண்டவரை நம்புகிறாயா?" என்று மட்டும் கேட்டார். "நம்புகிறேன்" என்றாள். காரியம் முடிந்தது. ஞானஸ்நானம் பெற்றவர்கள் மட்டுமே அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்து ஞாயிறுகளில் அழுகிற பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்க் கதை சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் தலையில் தண்ணீர் விழவில்லை என்பதைச் சபை மறந்தது. புருஷனும் மறந்தார்.

"ஏட்டி, அது தர்க்கத்துக்குப் பேசுனதுல்லா!"

"தர்க்கத்துக்குன்னா எங்கம்மையை வெளிய நிறுத்தலாமோ?"

செல்வதாஸ் சட்டென்று வியாபாரியானார். "இப்போ என்ன கெட்டுப்போச்சு? போதகர் ஐயாட்ட நான் சொல்லுகேன். நீ ஞானஸ்நானம் எடு. மூணு சொட்டு வெள்ளம், காரியம் முடிஞ்சுது."

"மூணு சொட்டு வெள்ளத்தில நான் கரைஞ்சா போவேன்? அது இல்லேன்னா உள்ள விடமாட்டானோன்னு பயந்து எடுத்தா, எடுக்காமப் போனவளை நானே வெளிய பிடிச்சுத் தள்ளினது போலல்லா?"

அவர் கை கழுவ எழுந்துபோனார்.

மறுநாள் காலை தேவகனி வெள்ளைச் சேலையும், பெட்டிக்கடியில் கிடந்த சிவப்புச் சட்டையும் உடுத்திக்கொண்டு நின்றாள்.

"நான் சேனைக்குப் போறேன்."

"இன்னிக்கு மட்டுந்தானே?"

"இனி எப்பவும். மத்தியானம் வந்து சோறு பொங்குவேன். ஒங்க கோயிலுக்குத்தான் வரமாட்டேன்."

கல்யாணமான நாள் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் ஒன்றாகத்தான் நடப்பார்கள். போகும்போது போன வாரப் பிரசங்கத்தை அவர் கிழிப்பார். அவள் தைப்பாள். அன்று செல்வதாஸ் தனியாக நடந்தார். கிழிக்கப் பிரசங்கம் இருந்தது, கேட்க ஆள் இல்லை.

திங்கட்கிழமை கடையைப் பாதியில் சாத்திவிட்டுச் சுந்தரராஜ் வீட்டுக்குப் போனார்.

"ஏலே சுந்தரம், வாற சனிக்கிழமை நீ ஜெயிக்கணும்."

"ஜெயிக்கத் தெரிஞ்சா முந்தாநாளே ஜெயிச்சிருக்க மாட்டேனாலே?"

செல்வதாஸ் நடந்ததைச் சொன்னார். சுந்தரராஜ் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

"செல்லபாய் அம்மையையா வெளிய நிறுத்தினே, பாவி? எங்க சித்திக்குக் கஞ்சித்தண்ணி ஊத்தினது அவங்கல்லா!"

இருவரும் வேதத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். "வரி பிரிக்கவன் வீட்டுக்கு ரட்சிப்பு வந்துதே, அவன் தண்ணியில முங்கலையே?" என்றார் சுந்தரராஜ்.

"அது நடந்தது சட்டத்துக்கு முன்னால."

"யாருலே அந்தச் சட்டத்தைப் போட்டது?"

"நாந்தாம்லே!"

கடைசியில் ஒரு ரோமப் படைத்தலைவன் அகப்பட்டான். அவன் வீட்டில் பேதுரு பேசிக்கொண்டிருக்கும்போதே எல்லோர் மேலும் பரிசுத்த ஆவி இறங்கிவிட்டது. ஞானஸ்நானம் அதற்கு அப்புறம்தான். "இதைச் சொல்லு. நான் வாயடைச்சு நிக்கேன்" என்றார் செல்வதாஸ்.

சனிக்கிழமை வந்தது. பெண்கள் பக்கம் போன வாரம் தேவகனி உட்கார்ந்திருந்த இடம் காலியாகக் கிடந்தது. சுந்தரராஜ் படைத்தலைவனை நன்றாகத்தான் தொடங்கினார். நடுவில் அவனுடைய குணநலன், தானதர்மம் என்று சுற்றிச் சுற்றி வந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே நன்றி கூறி உட்கார்ந்துவிட்டார்.

செல்வதாஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். இனி அவர் ஒன்றும் பேசாமல் இருந்தாலே வெற்றி அவருக்குத்தான். காலி இடத்தை ஒரு தரம் பார்த்தார். எழுந்தார்.

"நடுவர் அவர்களே, வாத்தியார் விட்டதை நான் சொல்கிறேன். பேதுரு பிரசங்கத்தை முடிக்கக்கூட இல்லை. அதற்குள் ஆண்டவர் அந்த வீட்டாரை ஏற்றுக்கொண்டுவிட்டார். தண்ணீர் பிறகு வந்தது. ஆதிச் சபையாருக்குத் தண்ணீர் கதவு அல்ல. வீட்டுக்குள் வந்துவிட்டவனுக்குக் கால் கழுவக் கொடுக்கிற தண்ணீர். அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது கிடைக்காதவன் வெளியே நிற்பான் என்று சொன்னேனே, அதுதான் தப்பு."

அவர் பெண்கள் பக்கம் திரும்பினார்.

"காலராவில் கிடந்தவர்களை அள்ளித் தூக்கிய ஒருத்தி எனக்கு மாமியார். இங்கே சிலருடைய வீட்டுக்கும் வந்திருக்கிறாள். அவள் வெளியே நின்றால், நான் உள்ளே போய் யார் முகத்தில் விழிப்பேன்? போன வாரம் பேசியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்."

நடுவர் தங்கையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "சுந்தரராஜ் ஜெயித்தார். எப்படி என்று எனக்கே தெரியவில்லை" என்றார். சுந்தரராஜ் எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டார்.

செல்வதாஸ் வீட்டுக்கு வருமுன் செய்தி வந்திருந்தது.

"பக்கத்து வீட்டு நேசபாய் கூட்டத்திலேருந்து ஓடிவந்து எல்லாம் சொன்னா" என்றாள் தேவகனி. கண் சிவந்திருந்தது. ஆனாலும் விடவில்லை. "அந்தப் படைத்தலைவன் கடைசியில வெள்ளம் எடுத்தான்லா?"

"எடுத்தான்."

"அதை வச்சே நீங்க மறுபடியும் ஜெயிச்சிருக்கலாமே?"

"இருக்கலாம்."

அவள் சிரித்துவிட்டாள். "நானும் ஒருநாள் எடுத்தாலும் எடுப்பேன், எடுக்காமலும் இருப்பேன். எடுத்தா ஆசையில எடுப்பேன். நாளைக்குக் காலையில ஒங்க கூடக் கோயிலுக்கு வாறேன். சாயங்காலம் நீங்க என் கூடச் சேனைக்கு வரணும்."

"அங்க தர்க்கம் உண்டா?"

"கிடையாது. கொட்டு உண்டு."

மறுநாள் சாயங்காலம் சேனைக் கூடத்தில் கொட்டும் பாட்டும் ஓய்ந்தபின், சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார்கள். செல்வதாஸ் பழக்கதோஷத்தில் சால்வையைச் சரி செய்துகொண்டு பாதி எழுந்தார். பக்கத்தில் இருந்த தேவகனி சால்வை நுனியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"சும்மா இரிங்க. எங்கம்மையைப் பத்தி நான் சொல்லுகேன்" என்று எழுந்தாள்.