உன் கையும் இதுல இருக்கு

கானா நாட்டுக் குமாசிக்குப் படிக்க வந்த மூன்றாவது வாரம் ஜிமாதுமின் கால்சட்டை இடுப்பில் ஏற மறுத்தது. அதே வாரத்தில்தான் விடுதியில் அவனைக் கண்டதும் கதவைச் சாத்தும் வழக்கமும் ஆரம்பித்தது. இரண்டுக்கும் காரணம் அவனுடைய மரியாதைதான்.

சாட் நாட்டில் அவன் ஊரான மூண்டூவில், சாப்பிடுகிறவன் வா என்றால் உட்கார்ந்துவிட வேண்டும். வேண்டாம் என்று சொன்னால், உன் களியில் என்னத்தைக் கலந்தாய் என்று கேட்ட மாதிரி. வயிறு நிறைந்திருந்தாலும் இரண்டு வாய் போட்டுக்கொண்டுதான் எழுந்திருக்க முடியும்.

கானாவுக்கு வந்த முதல் நாள் சாயங்காலம் பெட்டியைக்கூட அவிழ்க்கவில்லை. அறைத்தோழன் ஒப்போங் கட்டிலில் சம்மணம் போட்டு, புளித்த சோள உருண்டையும் பொரித்த மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்து, அவர்கள் பாஷையில் என்னவோ சொன்னான். புது ஆள் ஆயிற்றே என்று அதையே இங்கிலீஷிலும் சொன்னான்.

"உன் கையும் இதுல இருக்கு."

இவ்வளவு அழகாக யாரும் ஜிமாதுமைச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. கண் கலங்கிவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு வந்து, இருந்த ஒரே மீனில் பாதியைப் பிய்த்தான். ஒப்போங்கின் தாடை ஒரு நொடி நின்றது. பிறகு தட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தி வைத்தான்.

அதற்கப்புறம் பக்கத்து ரூம், எதிர் ரூம், மாடி ரூம். எந்த வாசலைக் கடந்தாலும் யாராவது சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், யாராவது அந்த வாக்கியத்தைச் சொல்வார்கள். என்ன பாசமான ஜனங்கள் என்று நினைத்தபடி ஒவ்வொரு அறையிலும் கை நனைத்தான். சில நாள் ஒரே சாயங்காலத்தில் மூன்று சாப்பாடு. வயிறு கெஞ்சியது. ஒருவர் மனதையும் நோகடிக்கக் கூடாதே என்று, மூச்சுப் பிடித்து விழுங்கினான். அறைக்கு வந்து குப்புறப் படுக்க முடியாமல் மல்லாந்து கிடப்பான். இப்படியொரு தியாகத்தை ஊரில் யாரிடமாவது சொன்னால் நம்புவார்களா?

மெல்ல மெல்லக் கதவுகள் சாத்திக்கொண்டன. ஒப்போங் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். பிறகு அறையில் சாப்பிடுவதையே விட்டான். அப்புறம் சாயங்காலங்களில் அறைக்கு வருவதையும் விட்டான்.

அங்கேதான் ஜிமாதுமுக்குப் பயம் வந்தது. அவனுடைய இங்கிலீஷ், கடையில் சோப்பு வாங்குவதற்குப் போதும். மண்ணியல் பேராசிரியர் பேசுவது அவனுக்குத் தகரக் கூரையில் பெய்யும் மழை. அந்த மழையை ஒப்போங்தான் தினமும் சாயங்காலம் படம் போட்டு, சைகை காட்டி, நடுநடுவே தப்புத் தப்பான பிரெஞ்சில் விளக்குவான். ஒப்போங் இல்லையென்றால் முதல் பரீட்சையோடு மூண்டூவுக்கு பஸ் ஏற வேண்டியதுதான். அந்த ஒப்போங், ரூம் மாற்றித் தரச் சொல்லி வார்டனிடம் கேட்டிருக்கிறான், திங்கட்கிழமை எதிர் ரூமுக்கே போகிறான் என்று ஃபீஃபி சொன்னான். எதிர் ரூம் ஃபீஃபியுடையது.

துணி துவைக்கும் குழாயடியில் வைத்துத்தான் சொன்னான். ஜிமாதும் அவன் வாயில் ஜிம்மி.

"ஜிம்மி, நாங்க கூப்பிடறது வாயால. நீ வயித்தோட வந்துடறே."

புரியவில்லை. ஃபீஃபி சட்டையைப் பிழிந்தபடி விளக்கினான். அது சும்மா மரியாதைக்குச் சொல்வது. கேட்டவன் 'என் கை அதுலதான் இருக்கு' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

"எத்தனை தடவை கூப்பிட்டாலுமா?"

"எத்தனை தடவை கூப்பிட்டாலும்."

தின்ற ஒவ்வொரு மீனும் அப்போது ஞாபகத்துக்கு வந்தது. முதல் நாள் பிய்த்த பாதி மீன்தான் முதலில் வந்தது. அந்த வாரம் முழுக்க ரொட்டியும் தண்ணீருமாக ஓட்டினான். நடக்கும்போது, குளிக்கும்போது, அந்தப் பதிலை அவர்கள் பாஷையில் சொல்லிச் சொல்லிப் பழகினான். மண்ணியலில் இந்த அக்கறை இருந்திருந்தால் ஒப்போங்கே தேவைப்பட்டிருக்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஒப்போங்கின் அம்மா வந்தார். தலையில் பெரிய பானை. மரவள்ளியும் வாழைக்காயும் இடித்த ஃபூஃபூ, ஆட்டுக்கறிச் சாறு. வாசனை மாடிவரை போனது. ஜிமாதும் உள்ளே நுழைந்ததும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது.

"வா தம்பி. உன் கையும் இதுல இருக்கு."

பரீட்சைக் கேள்வி வந்தேவிட்டது. ஜிமாதும் நெஞ்சை நிமிர்த்தி, அவர்கள் பாஷையில், பிசிறில்லாமல், "என் கை அதுலதான் இருக்கு" என்றான். திரும்பி வெளியே நடந்தான். அம்மா மறுபடி கூப்பிட்டார். அதே பதில். மூன்றாவது தடவை குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அப்போதும் அதே பதில்தான். வயிறு மட்டும் கிடந்து இரைந்தது.

குழாயடியில் உட்கார்ந்திருந்தவனைத் தேடி ஒப்போங் வந்தான். இந்த வாரத்தில் அவனாக வந்து பேசியது அப்போதுதான்.

"ஏன்டா இப்படிப் பண்ணின? நீ நல்லா சாப்பிடுவேன்னு நான்தான் சொல்லியிருந்தேன். உனக்குன்னே கூட இடிச்சு எடுத்துட்டு வந்திருக்காங்க."

"சும்மா மரியாதைக்குச் சொல்றதுன்னு..."

"நான் சொன்னா சும்மா. அம்மா சொன்னா நிஜம்."

"ரெண்டு பேரும் ஒரே வார்த்தைதானே சொன்னீங்க?"

"ஆமா. ஒரே வார்த்தைதான்."

"அப்புறம் எப்படித்தான்டா கண்டுபிடிக்கறது?"

ஒப்போங் பிறந்ததிலிருந்து சொல்லிவரும் வார்த்தை. இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை.

"தெரியலடா. இங்கேயே பொறந்தாத்தான் தெரியும்போல" என்றான். அவன் முகத்தைப் பார்க்க ஜிமாதுமுக்கே பாவமாக இருந்தது.

இரண்டு பேரும் அறைக்குப் போனார்கள். உள்ளே ஃபீஃபி உட்கார்ந்து கடைசி எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தான். குற்ற உணர்ச்சியே இல்லாமல், "இது நிஜமாக் கூப்பிட்டதுடா" என்றான்.

அம்மா பானையைத் துணியில் கட்டிக்கொண்டிருந்தார். ஜிமாதும் மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தான். அதற்கு அவர்கள் பாஷையில் வார்த்தை தெரியாது. தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம். 'என் கை அதுலதான் இருக்கு' என்று அதைச் சொல்லி, முடிச்சை அவிழ்த்து, பானைக்குள் நிஜமாகவே கையை விட்டு, அடியில் ஒட்டியிருந்த சாற்றை வழித்து நக்கினான். அந்த அம்மா அவனை உற்றுப் பார்த்தார். பிறகு மகனிடம் என்னவோ நீளமாகச் சொன்னார்.

திங்கட்கிழமை ஒப்போங் ரூம் மாறினான். வார்டன் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி ஒன்றும் செய்வதற்கில்லை. வாளியையும் பாயையும் ஜிமாதுமேதான் தூக்கிக்கொண்டு போய் வைத்தான். காலி அறைக்குத் திரும்பி, மண்ணியல் நோட்டைத் திறந்து பார்த்தான். பாதிப் பக்கம்வரை ஒப்போங் வரைந்த படங்கள். அதற்கப்புறம் வெள்ளை.

சாயங்காலம் குளித்துவிட்டு வரும்போது எதிர் ரூம் கதவு திறந்திருந்தது. ஒப்போங் சோள உருண்டையும் மீனுமாக உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"உன் கையும் இதுல இருக்கு."

ஜிமாதும் ஈரத் துண்டோடு அப்படியே நின்றான். முகத்தைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை. பதில் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னாலும் தப்பாகலாம், சொல்லாவிட்டாலும் தப்பாகலாம்.

ஒப்போங் சலித்துக்கொண்டான். "மண்ணியல் நோட்டை எடுத்துட்டு வாடா."

ஓடிப் போய் எடுத்தான். நோட்டுக்குக் கூப்பிட்டானா மீனுக்கும் சேர்த்தா என்பதுதான் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வழியில் கையைக் கழுவினான். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கழுவிய கையை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி, எதிர் ரூம் வாசலில் போய் நின்றான்.