எஃப் 2 அழுத்தினால் அடுத்த படம்

1

இந்தக் கதை எனக்கு நிமி கொடுத்தது. கொடுத்தாள் என்பதைவிட, தலையில் கட்டிவிட்டுப் போனாள் என்பதுதான் சரி. கேரள எல்லையில் இருக்கும் கம்பம்மெட்டில் என் வீட்டுக்கு மேல் வளைவில் அவள் வீடு. பக்கத்து டவுனில் ஒரு தனியார் லேபில் வேலை.

“அக்கா, இத எழுதுங்க. எம் பேரு மட்டும் போட்றாதீங்க,” என்றாள்.

போட்டுவிட்டேன். வேறு பெயர் வைத்தால் அவள் முகம் வரமாட்டேன் என்கிறது. அது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை என்று நீங்களாக நினைத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஏலக்காட்டின் மேல்

(அடித்து நீக்கிவிட்டேன். இந்த வாக்கியத்தை நான் எழுதவில்லை, கணினி எழுதியது. தோள்வலி என்று நான் புலம்பியபோது நிமிதான் குறுக்குவிசைகள் வைத்துக்கொடுத்தாள். அடிக்கடி எழுதும் வாக்கியங்களைக் கேட்டு ஒவ்வொன்றையும் ஒரு விசையில் ஏற்றினாள். நான் அதிகம் எழுதுவது மழையைத்தான் என்று அன்றுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் விசையை எடுக்கச் சொல்லவில்லை.)

இரண்டாம் தொடக்கம்: நிமி பொறுப்பான பெண். அவள் செய்த ஒரே தவறு

(இதுவும் வேண்டாம். ‘ஒரே தவறு’ என்று எழுதும்போதே மன்னித்தும் ஆகிவிடுகிறது. மன்னிக்க நான் யார்?)

3

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன்.

ஏலத்தோட்டப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க, சாந்தன்பாறையில் ஒரு முகாம் நடந்தது. எடுத்த மாதிரிகளைக் கண்ணாடியில் பூசி, நுண்ணோக்கிக் கேமராவில் படம் பிடித்துக் கணினியில் பார்ப்பது நிமியின் வேலை. ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் கூட்ட வேண்டும், செல்லின் கருவை அளக்க வேண்டும், முடிவைப் பதிய வேண்டும், அடுத்ததைத் திறக்க வேண்டும். மவுஸைப் பிடித்துப் பிடித்து அவள் மணிக்கட்டு வீங்கிவிட்டது.

அந்தப் பட ஆய்வு மென்பொருளில் மேக்ரோ என்று ஒன்று உண்டு. பல வேலைகளை வரிசையாக எழுதி ஒரே விசையில் கட்டிவிடலாம். நிமி உட்கார்ந்து எழுதினாள். எஃப் 2 அழுத்தினால் எல்லா வேலையும் தானாக நடந்து, ‘இயல்பு’ என்று பதிந்து, அடுத்த படம் வந்துவிடும். படத்தில் சந்தேகம் என்றால் முதலில் எஸ் அழுத்த வேண்டும். அப்போது அது எர்ணாகுளத்தில் இருக்கும் டாக்டருக்குப் போகும். எஸ் அழுத்தாத படத்தை டாக்டர் பார்ப்பதே இல்லை.

லேப் முதலாளி ஜோபி மகிழ்ந்துபோய் எல்லோருக்கும் டீயும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தாராம்.

4

லேபுக்கு வருகிறவர்களின் பெயர்களை மலையாளத்தில் அடிக்க வேண்டும். படங்களுக்கு நடுவே யாராவது ரத்தப் பரிசோதனைக்கு வந்தால், அதே கணினியில் அவர்கள் பெயரை அடிப்பதும் நிமிதான். அடித்து முடித்ததும் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு மதியம் மறந்துவிட்டாள்.

மலையாளத்தில் இருக்கும்போது எஸ் விசை எஸ் இல்லை. அது வேறொரு எழுத்து, மேக்ரோவுக்கு அது தெரியாது. அவள் அழுத்த அழுத்த, சத்தம் காட்டாமல் இருந்துவிட்டது. எஃப் 2 விசைக்கு எந்த மொழியும் கிடையாது, அதனால் அது மட்டும் வழக்கம்போல வேலை செய்தது. அந்த மதியம் அவள் சந்தேகப்பட்ட படங்களெல்லாம் ‘இயல்பு’ என்று பதிந்து போயின.

(வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், கணினிக்கு ஆங்கிலம். இந்த மெட்டில் நாங்கள் நாள் முழுக்க மாற்றிக்கொண்டேதான் இருக்கிறோம். மாற்ற மறந்தால் எதிரே நிற்பவர் சிரிப்பார், நாங்களும் சிரித்துத் திருத்திக்கொள்வோம். கணினி சிரிக்கவில்லை.)

5

அந்த முகாமுக்குப் போன குருவம்மாளை முதலில் அழுகிறவளாக எழுதினேன். பொய்யாக இருந்தது. அவள் அழுகிற ஆள் இல்லை.

ஏலக்காய் பறிக்கப் போகிறவள். ‘இயல்பு’ என்ற ரிப்போர்ட்டு கைக்கு வந்த அன்று, தோட்டத்து லயத்தில் வீட்டுக்கு வீடு மிக்சர் கொடுத்தவள். அதன் பிறகும் உதிரப்போக்கு நிற்கவில்லை. தாளைப் படித்துச் சொன்னவர்கள் ஒன்றுமில்லை என்றார்களே என்று பொறுத்துக்கொண்டாள். கடைசியில் மலையிறங்கித் தேனி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, முற்றிப் பரவிவிட்டது, ஆபரேஷன் செய்ய முடியாது என்றார்கள். பழைய படத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். சண்டை போட அவள் லேபுக்கு வரவில்லை, அந்தப் படத்தைக் கேட்கத்தான் வந்தாள்.

நிமி படத்தைத் திறந்தாள். பெரிதாக, கறுத்துப்போன கருக்கள். பார்த்த கணமே அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. இதற்கு எஸ் அழுத்தினோமே.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று குருவம்மாள் கேட்டாள்: “அப்ப நல்லாத்தான இருந்திருக்கு பாப்பா? மருந்தடிக்கிற காட்டுக்குப் போனேன்ல, அதுலதான் வந்துருச்சோ?”

“ஆமாக்கா,” என்றாள் நிமி. “அதுக்கப்புறம் வந்ததாத்தான் இருக்கும்.”

(இந்த இடத்தைத் தாண்டி எழுத எனக்குப் பிடிக்கவில்லை. குருவம்மாள் இப்போது தன்னைத்தானே திட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள், அந்தக் காட்டுக்கு ஏன் போனேன் என்று.)

அவள் போன பிறகு நிமி விசைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, நடந்ததைக் கண்டுபிடித்தாள். ஜோபியிடம் சொன்னாள். யாரிடமும் மூச்சு விடாதே, பழைய படங்களை எப்படியும் திங்கட்கிழமை அழிக்கத்தான் போகிறோம் என்று அவர் மலையாளத்தில் சொன்னாராம். அவரை நல்ல வில்லனாக எழுத ஆசைப்பட்டேன். சொல்லிவிட்டு, குருவம்மாள் எந்த ஆஸ்பத்திரியில் காட்டுகிறாள் என்று அவரும் விசாரித்தார் என்று நிமி சொல்லிவிட்டாள்.

6

முடிவுகள்.

நிமி குருவம்மாளின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்கிறாள். குருவம்மாள் அவள் தலையைத் தடவி, நீ என்னம்மா பண்ணுவ என்று

(அடித்து நீக்கிவிட்டேன். அவள் வாயிலிருந்து வராத மன்னிப்பை நான் எப்படி எழுதுவேன்? குருவம்மாளுக்குப் படிக்கவும் வராது. அது தெரிந்துதான் நிமி இதைக் கதையாக எழுதச் சொன்னாளோ என்னவோ.)

ஜோபி படங்களை அழிக்கிறார். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அந்த மதியத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தேனிக்கு இறங்குகிறார்கள்.

(இதை எழுத எழுத்தாளர் தேவையில்லை, தானாகவே நடக்கும்.)

நிமியின் அம்மா இருதயம்மாளும் அன்றைக்கு முகாமுக்குப் போயிருந்தார். அவருடைய படமும் அதே மதியம்தான்

(சே, மலிவான உத்தி. வாசகர் நம்பமாட்டார். நீக்குகிறேன்.)

7

நீக்க முடியவில்லை. ஏனென்றால் அது என் கற்பனை இல்லை.

வரமாட்டேன் என்ற அம்மாவை முகாமுக்கு நச்சரித்து அனுப்பியது நிமிதான். லேபில் முகாம் படங்களுக்கு எண் மட்டும்தான் உண்டு, பெயர் கிடையாது. எது அம்மாவுடையது என்று பார்க்கும்போது அவளுக்குத் தெரியாது. ‘இயல்பு’ என்ற அந்த ரிப்போர்ட்டு வீட்டில் வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறது.

இன்று ஞாயிறு. இருதயம்மாள் பூசைக்குப் போயிருக்கிறார். அந்த மதியத்துப் படங்களை நிமி பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வந்து, என் மடிக்கணினியில் லேப் மென்பொருளையும் அந்த மேக்ரோவையும் ஏற்றினாள். ரிப்போர்ட்டில் இருந்த அம்மாவின் எண்ணைக் காட்டினாள்.

“நீங்க தெறங்கக்கா. நான் பாத்துச் சொல்றேன்.”

திறந்தேன். நீலமும் இளஞ்சிவப்புமாக ஏதேதோ திட்டுகள். எனக்கு இதைப் படிக்கத் தெரியாது. தெரிந்தவள் பக்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. இதிலிருந்து யாராவது நல்லபடியாக வெளியே வருவார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

ரோட்டில் இருதயம்மாளின் குரல் கேட்கிறது. யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டு வருகிறார்.

ஏதாவது எழுத வேண்டும் என்று என் கை மழை விசைக்குப் போனது. எடுத்துக்கொண்டேன். விசைப்பலகை இப்போது ஆங்கிலத்தில் இருக்கிறது, இரண்டு தடவை பார்த்துவிட்டேன். எஸ் அழுத்தினால் இந்தப் படம் டாக்டருக்குப் போகும். பின்னாலேயே மற்றவர்களுடையதும் போக வேண்டியிருக்கும், குருவம்மாளுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அழுத்த எங்கள் இருவருக்கும் கை வரவில்லை. நீங்கள் அழுத்துங்கள்.

ஒன்றும் செய்யாமல் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு வேறு கதைக்கும் போகலாம். அதற்கும் ஒரு விசை உண்டு. இயல்பு என்று பதிந்துவிட்டு, அடுத்த படம் வரும்.